விளையாட்டும் பெருமிதமும்

திருத்தணிகை மலைமேல் முருகன் கோயிலை அடைய இருவழிகள் உள. ஒன்று 365 படிகள். அவை ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பர். மற்றொன்று ஊர்திகள் செல்லும் மலைப்பாதை. இரு வழியினரும் வணங்குவது ஒரே திருமுன்னரே. எனினும், படியேறி வந்தார் தம்மைச் சற்றே உயர்த்திப் பேசுதல் உண்டு. அத்தகைய பேச்சினைக் கணிப்பொறி விளையாட்டினர் கருத்துகளிடையேயும் கண்டோம். அதனை ஈண்டு ஆராய்வோம்.

2018-ஆம் ஆண்டில் 'செலஸ்டே' என்னும் விளையாட்டு வெளிவந்தது. மாடி தோர்சன், நோயல் பெர்ரி என்போர் நான்கு நாள்களில் அமைத்த சிறு விளையாட்டொன்றின் விரிவு அது. பெருநிறுவனம் சாராச் சிறு குழுவினர், பழைய விளையாட்டுகளின் புள்ளிச்சித்திரப் பாங்கினை விரும்பி மேற்கொண்டு ஆக்கியது. மேடைவிட்டு மேடை தாவும் இவ்வகையினைப் 'பிளாட்பார்மர்' என்பர். மாடலின் என்பாள் ஒரு மலையின் உச்சியை அடைதல் வேண்டும். தாவுதல், பற்றியேறுதல், வானிடை விரைந்து பாய்தல் ஆகியனவே அவள் வல்லமை. முள்ளிற் பட்டால் இறப்பாள், இமைப்பொழுதில் மீண்டெழுவாள். ஆயிரம் முறைக்குமேல் இறந்து உச்சியை எய்தினோரும் உளர். இறப்புகளை விளையாட்டே எண்ணிக் காட்டும். அவ்வெண் பெருகுதல் கற்றலின் அடையாளமாதலின் அதுபற்றிப் பெருமை கொள்க என, இடையே அஞ்சலட்டை வடிவில் அறிவுறுத்தவும் செய்யும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் விளையாட்டினை உவகையின் நான்கு நிலைக்களங்களுள் ஒன்றாக வைத்தார். அவ்வுவகை துன்பம் நீங்கியது என்றும் சுட்டினார். துன்பமே உடம்பாக அமைந்த இவ்விளையாட்டு அதனுள் எங்ஙனம் அடங்கும்? பெருமிதத்திற்கு அவர் கூறிய களங்கள் கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன. வீழ்ந்து வீழ்ந்து கற்றலும் அஞ்சாது மீள முயலலுமே ஆடியோர் போற்றுவன. ஆகலின் உச்சியில் அவர் எய்துவது உவகையன்று, பெருமிதமே என்பது எம் துணிபு. சலித்து இடையில் விடுத்தோரையும் இகழ்தற்கில்லை. அவர் நாடியது உவகை.

கருத்து வேறுபாடு மிக்கெழுந்தது 'உதவி முறை' பற்றியே. அதனால் வேகத்தைக் குறைக்கலாம், களைப்பின்றிப் பற்றலாம், இறவாதிருக்கவும் செய்யலாம். இது மலையேற்றத்தைப் பொய்யாக்கும் என்றனர் சிலர். கை விரைந்து இயங்கமாட்டாதார்க்கு இதுவன்றோ மலையைத் திறந்தது என்றனர் பிறர். முதன்முறை உதவியின்றி ஆடுக என்றே ஆக்கியோர் முதலில் எழுதியிருந்தனர். உடற்குறையுடையார் கருத்தறிந்து பின்னர் அதனை மாற்றினர். அம்மாற்றம் பொருத்தமானதே என்போம். தறுகண் என்பது அவரவர் எதிர்கொள்ளும் இடரை நோக்கி அளக்கப்படுவது. பிறர் இறந்த எண்ணிக்கை அதற்கு அளவுகோலாகாது.

புகழ் என்னும் களத்திற்கும் இவ்விளையாட்டில் இடமுண்டு. வழியெங்கும் கடத்தற்கரிய மூலைகளில் ஸ்ட்ராபெர்ரிக் கனிகள் கிடக்கின்றன. அவற்றால் நண்பர் வியப்பர், அதனின் வேறு பயனில்லை என விளையாட்டே கூறிவிடுகின்றது. எனினும் அவற்றை விடாது திரட்டுவோர் பலர். ஓர் இயல் முழுதும் ஒருமுறையும் இறவாது கடந்தார்க்கே உரிய பொற்கனியை நாடி மாதக்கணக்கில் முயல்வாரும் உளர்.