அறிவுசார் குறைபாடுடையோரும் ஆடுகளமும்

குறைபாட்டின் இயல்பு

கற்றல், காரணம் காணல், சிக்கலுக்குத் தீர்வு தேடல் ஆகிய அறிவுத்திறன்களிலும், உடை உடுத்தல், பணம் எண்ணல், பிறரோடு பழகுதல் போன்ற அன்றாடத் திறன்களிலும் ஒருவருக்கு வளரும் பருவத்திலேயே குறிப்பிடத்தக்க தடை தோன்றுமாயின், அந்நிலை அறிவுசார் குறைபாடு எனப்படுகிறது. இது மனநோயிலிருந்து வேறானது. மருந்தால் நீங்காதெனினும், தொடர் பயிற்சியால் இவர்களுடைய திறன்கள் வளரக்கூடியவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளுள் இதுவும் ஒன்றாகும். இந்தியாவில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இக்குறைபாட்டுடன் வாழ்வதாக 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதிவு செய்தது.

அசைவின்மையால் வரும் நோய்கள்

அறிவுசார் குறைபாடுடையோரிடம் காணப்படும் உடற்பருமன், தசைத் தளர்ச்சி, நீரிழிவு போன்றவற்றுள் பெரும்பகுதி, நாள் முழுவதும் ஓரிடத்திலேயே இருக்க நேரும் வாழ்க்கை முறையால் வருபவை. பிறவியிலேயே 21 ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைவதால் உண்டாகும் டவுன் நோய்க்குறி உடையவர்களுக்குத் தசை இறுக்கம் இயல்பாகவே குறைவு என்பதாலும், தைராய்டு சுரப்புக் குறைவு அவர்களிடையே மிகுதி என்பதாலும், எடை எளிதில் ஏறிவிடுகிறது. ஓட்டம், பந்தெறிதல், நீச்சல் போன்றவற்றை முறையாகப் பயிலும்போது தசை வலுவும் உடற்சமநிலையும் கூடுவதோடு, முறை வரும்வரை காத்திருத்தல், விதிக்குக் கட்டுப்படுதல், தோல்வியைத் தாங்குதல் ஆகிய சமூகப் பழக்கங்களும் உடன் வளர்கின்றன.

திறனுக்கேற்ற போட்டி

இவர்களைக் களத்துக்கு வெளியே நிறுத்திவைப்பதில் குறைபாட்டைவிடப் போட்டியின் அமைப்புக்கே பங்கு அதிகம் என்பதை உலகுக்குக் காட்டியது, யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக் இயக்கமாகும். 1968 ஜூலையில் சிகாகோ நகரில் முதல் போட்டிகளை நடத்திய இவ்வியக்கம், வயது, பாலினம், முன்சுற்றில் வெளிப்பட்ட திறன் ஆகியவற்றைக் கொண்டு போட்டியாளர்களைச் சிறு பிரிவுகளாகப் பகுக்கிறது. அதனால் மெதுவாக ஓடுபவரும் தமக்கு நிகரானவரோடு ஓடி, வெல்லும் வாய்ப்பைப் பெறுகிறார். 8 வயது நிரம்பியவர்கள் இதன் போட்டிகளில் பங்கேற்கலாம். இந்தியாவில் இப்பணியைச் சிறப்பு ஒலிம்பிக் பாரத் அமைப்பு மேற்கொண்டு வருகிறது. 2023 ஜூனில் பெர்லினில் நடைபெற்ற உலகப் போட்டிகளில் இந்திய அணியினர் 76 தங்கம் உட்பட 202 பதக்கங்களை வென்றனர்.

பாராலிம்பிக் போட்டியோ உச்சத்திறனை அளக்கும் களமாகும். அதில் 2024 ஆம் ஆண்டு பாரிஸில், தெலங்கானாவின் வாரங்கல் பகுதியைச் சேர்ந்த தீப்தி ஜீவன்ஜி, அறிவுசார் குறைபாடுடைய பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தை 55.82 வினாடிகளில் முடித்து வெண்கலம் பெற்றார்.

இணைந்து ஆடுதல்

குறைபாடுடையோரும் இல்லாதோரும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் ஒரே அணியில் இடம்பெறுவது இணைந்த விளையாட்டு எனப்படுகிறது. இருதரப்பினரின் வயதும் ஆட்டத்திறனும் நெருங்கியிருக்குமாறு அணி அமைக்கப்பட்டால்தான் எல்லோருக்கும் பந்து கிடைக்கும்; இல்லையேல் ஒருவர் ஆட மற்றவர் வேடிக்கை பார்க்க நேரும். இரக்கத்தால் சேர்த்துக்கொள்ளப்பட்டவர் என்ற நிலை மாறி, அணிக்குத் தேவையானவர் என்ற நிலை உருவாவதே இம்முறையின் சமூகப் பயனாகும்.

கெங்கவல்லி வட்டாரத்தில்

சேலம் மாவட்டத்தின் தென்கிழக்குக் கோடியில் அமைந்த கெங்கவல்லி வட்டத்தில் வேளாண்மையும் கூலி வேலையுமே பலருக்கு வாழ்வாதாரம் என்பதால், பெற்றோர் காட்டுவேலைக்குச் செல்லும் பகற்பொழுதில் குறைபாடுடைய பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்க நேர்வது இயல்பே. தமிழக அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் இப்பிரிவினருக்கு 100 மீட்டர் ஓட்டமும் எறிபந்தும் இடம்பெற்றுள்ளன என்றாலும், அவற்றுக்காக ஆத்தூர் வழியாகச் சேலம் சென்று திரும்புவது ஒரு நாள் கூலியை இழக்கச் செய்யும். ஆகவே பயிற்சி ஊருக்குள்ளேயே தொடங்க வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரோடு சேர்ந்து வாரந்தோறும் பயிற்சியளிப்பதும், ஊர்தோறும் நடக்கும் பொங்கல் விளையாட்டு விழாவில் இணைந்த அணிகளுக்கு ஓர் ஆட்டத்தைச் சேர்ப்பதும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை.

களமிறங்கும் முன்

டவுன் நோய்க்குறி உடையவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிறவி இதயக் குறை இருப்பதால், பயிற்சிக்கு முன் இதயப் பரிசோதனை தேவை. இவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் இரண்டும் உறுதியாகப் பொருந்தியிராமையால், குட்டிக்கரணம், தலைகீழாக நீரில் பாய்தல் போன்றவற்றை மருத்துவர் ஒப்புதலின்றிச் செய்தல் கூடாது. நடையில் தள்ளாட்டமோ கைகால் வலுக்குறைவோ புதிதாகத் தோன்றினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். அறிவுசார் குறைபாடுடையோரிடையே வலிப்பு நோயும் மிகுதி என்பதால், வலிப்பு உடையவர் மாத்திரையைத் தவறவிடாதிருப்பதும், பாசனக் கிணற்றில் நீச்சல் பழகுவதைத் தவிர்த்து, மருத்துவர் அனுமதித்தால் மட்டும் பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் ஆழமற்ற நீச்சல் குளத்தில் பழகுவதும் இன்றியமையாதவை. வலியையோ மங்கலான பார்வையையோ சொல்லத் தெரியாத பிள்ளைகளும் உண்டு. ஆகையால் கண், காது, பல் ஆகியவற்றையும் ஆண்டுதோறும் சோதிப்பது நலம்.

சட்டம் தரும் உரிமை

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் முழுமையாகப் பங்கேற்க உரிய நடவடிக்கை எடுப்பதை அரசுகளின் கடமையாக 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு விதிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையைப் பெற்றுள்ள குடும்பங்கள், உதவித்தொகையைக் கேட்கும் அதே உரிமையோடு, தம் பிள்ளைக்கு உடற்கல்வி வகுப்பில் இடமும் ஊர்ப் போட்டியில் பங்கும் கேட்கலாம். அக்கோரிக்கையைச் சலுகையாகக் கருதாமல் கடமையாக ஏற்கும் பொறுப்பு பள்ளிகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் உரியது.