குச்சியிலிருந்து ஒரு கனிமரம்

கறுத்துக் கனிந்த மல்பெரிப் பழத்தைக் கடைகளில் காண்பது அரிது. அது மிக மென்மையானது. அழுத்திப் பிடித்தாலே நசுங்கிச் சாறு வடியும். பறித்த ஓரிரு நாளில் கெட்டுவிடும். ஆகவே, அதன் சுவையை அறிய விரும்புவோர் மரத்தைத் தாமே வளர்ப்பது நல்லது. கம்பத்திலும் தோட்டப்புறத்திலும் வீட்டைச் சுற்றி நிலம் உள்ளவர்களுக்கு இஃது எளிது.

மல்பெரியைத் தமிழில் முசுக்கொட்டை என்பர். பட்டுப்புழுவின் உணவு இதன் இலையே. தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உழவர்கள் இலைக்காகவே இதனைப் பயிரிடுகின்றனர்.

இம்மரத்தை விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால், முசுக்கொட்டையில் ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் வெவ்வேறு மரங்களில் பூக்கின்றன. விதைக்கன்று ஆண் மரமாக வளர்ந்துவிட்டால், பல ஆண்டுகள் காத்திருந்தும் பழம் கிடைக்காது. நன்கு காய்க்கும் மரத்தின் கிளைத்துண்டை நட்டால் அக்கவலை இல்லை. தாய்மரத்தின் இயல்பு அப்படியே கன்றுக்கும் வரும்.

மரவள்ளியைப் போலவே இதனையும் குச்சியால் நடலாம். பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையைச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளத்திற்கு வெட்ட வேண்டும். அதில் மூன்று அல்லது நான்கு மொட்டுகள் இருக்க வேண்டும். அடிப்பகுதியைச் சாய்வாக வெட்டினால், எது மேல், எது கீழ் என்ற குழப்பம் வராது. வேரில்லாத குச்சியின் நீரை இலைகள் வெளியேற்றிவிடும் என்பதால், அவற்றை நீக்கிவிட வேண்டும். பின்னர், குச்சியின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுள் இருக்குமாறு நட்டு, நிழலில் வைத்து ஈரம் காக்க வேண்டும்.

சில வாரங்களில் துளிர் தோன்றும். அதைக் கண்டு வேர் பிடித்துவிட்டதாக எண்ணக்கூடாது. முதல் துளிர், குச்சியில் சேமிக்கப்பட்ட உணவைக் கொண்டே வளர்கிறது. அப்போது குச்சியைப் பிடுங்கிப் பார்த்தால் இளவேர்கள் அறுந்துவிடும்.

கன்று வலுவடைந்ததும் வெயில் படும் இடத்தில் நட வேண்டும். வேர்கள் பரவி ஓடும். உதிரும் பழங்கள் கறைபடுத்தும். எனவே, வீட்டுச் சுவர், கால்வாய், துணிக்கொடி ஆகியவற்றிற்கு அருகில் நடுவதைத் தவிர்க்க வேண்டும்.

குளிர்நாடுகளில் இம்மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து, வசந்தத்தில் புதுத்துளிரோடு பூக்கும். நம் நாட்டில் குளிர்காலம் இல்லை. அதனால், பழப்பருவம் முடிந்ததும் கிளைகளைக் கவாத்து செய்து, எஞ்சிய இலைகளையும் உருவிவிட வேண்டும். அப்போதுதான் புதிய கிளைகள் தோன்றி, அவற்றில் பூவும் காயும் வரும். வெட்டத் தயங்கினால் இலை அடர்ந்திருக்கும், பழம் குறைந்துவிடும்.

வெட்டிய கிளைகளை எறிந்துவிட வேண்டாம். அவற்றை நறுக்கி அண்டை வீட்டாருக்குக் கொடுத்தால், அங்கும் ஒரு கனிமரம் வளரும்.