மலைப்பாதை வண்டிக்கு ஏற்ற கிளட்சும் புரொப்பெல்லர் ஷாப்டும்

நீலகிரியில் பறித்த தேயிலை அன்றே தொழிற்சாலை போய்ச் சேர வேண்டும். சாக்கில் அடைந்து கிடந்தால் இலை சூடேறிச் சிவந்து, விலை குறைந்துவிடும். கேத்தி, உதகைப் பகுதிக் காரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 325 மீட்டர். உதகை சுமார் 2,240 மீட்டர். இந்த ஏற்ற இறக்கத்தில் பாரத்தோடு ஓடும் ஜீப், பிக்கப் வண்டிகளில் விரைவில் தேய்பவற்றுள் கிளட்சும் புரொப்பெல்லர் ஷாப்டின் ஜாயின்டுகளும் முக்கியமானவை. தனியாகவோ, நாலு பேர் சேர்ந்தோ வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் இவற்றை மாற்றும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது நல்லது.

எதன் மீது எவ்வளவு விசை?

கிளட்ச் எஞ்சினின் சுழற்று விசையை மட்டுமே தாங்குகிறது. கியர் பெட்டியைத் தாண்டியதும் அவ்விசை பெருகுகிறது. முதல் கியரின் விகிதம் 4 என்றால், ஷாப்டின் மீது ஏறக்குறைய 4 மடங்கு விசை விழும். திடீர் அதிர்ச்சி வரும்போது சற்றே வழுக்கிக் கொடுத்து கியரையும் ஷாப்டையும் காப்பது கிளட்ச்தான். "பிடிப்பு அதிகம்" என்று எண்ணி, பந்தயக் கார்களுக்குரிய உலோகத் துகள் தட்டைப் போட்டால் அது வெடுக்கென்று பிடிக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டியை மெல்ல நகர்த்த முடியாது. உதறல் முழுவதும் ஷாப்டில் போய் விழும். எஞ்சின் மாற்றாத வண்டிக்குத் தயாரிப்பாளர் குறித்த தட்டே ஏற்றது.

கிளட்ச் வாங்கும்போது

ஏற்றத்தில் எஞ்சின் இரைச்சல் கூடியும் வண்டி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அறியலாம். பழைய தட்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, குறுக்களவும் நடுத்துளைப் பற்களின் எண்ணிக்கையும் ஒத்திருக்கிறதா எனப் பார்க்கவும். தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுவது சிக்கனம். தனித்தனியே மாற்றினால் கியர் பெட்டியை இறக்கும் கூலியை இருமுறை கொடுக்க நேரும். பிளைவீலில் வெடிப்போ, ஆழமான கோடுகளோ இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். எண்ணெய் கசிந்தால் சீலை மாற்றாமல் புதுத் தட்டைப் போடுவது வீண். பழைய தட்டின் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். அதைக் காற்றால் ஊதக் கூடாது.

ஷாப்டில் கவனிக்க வேண்டியவை

வண்டி கிளம்பும்போது 'டொக்' என்ற சத்தம் கேட்டால் ஜாயின்டின் நடுவிலுள்ள கிராஸ் தேய்ந்திருக்கலாம். புதியதை அதே அளவில் வாங்கவும். ஷாப்டைக் கழற்றுமுன் இரு பக்கமும் பெயிண்டால் குறியிட்டு, அதே நிலையில் பூட்ட வேண்டும். முனைகள் மாறிப் பொருந்தினால் வண்டி அதிரும். ஷாப்டில் ஒட்டியுள்ள சிறு எடைத் துண்டுகளை நீக்கக் கூடாது. கூடுதல் பாரத்திற்காகப் பட்டை சேர்த்து வண்டியை உயர்த்தினால் ஷாப்டின் சாய்வு மாறி, கிராஸ் விரைவில் தேயும்.

இறக்கத்தில் எச்சரிக்கை

ஷாப்ட் கழன்றால் எஞ்சினின் தடுப்பு சக்கரத்துக்கு எட்டாது. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் கைப்பிரேக்கும் ஷாப்ட் வழியாகவே வேலை செய்வதால், அதுவும் பயனற்றுப் போகும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் இது உயிருக்கே ஆபத்து. எனவே ஜாயின்ட் போல்ட்டுகளை அடிக்கடி சோதித்து இறுக்க வேண்டும்; கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயின்டுகளுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டுவதும், கிளட்சை மிதித்தபடி வருவதும் கூடாது. தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். ஏற்றத்தில் வண்டியை அரைக் கிளட்சில் நிறுத்திப் பிடிக்காமல் கைப்பிரேக்கைப் பயன்படுத்தினால் புதுத் தட்டு நெடுநாள் உழைக்கும்.