காந்தம் ஒட்டுற கேபிள் எல்லாம் போலியா?

ஆர்ஜி-6 கேபிள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு அறிவுரை எப்பவும் கிடைக்கும்: நடுக்கம்பியில காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டினா உள்ளே இரும்பு, அதனால போலி. ஒட்டலேன்னா சுத்தமான செம்பு, அதனால அசல். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதில் இரண்டு பாதியுமே முழு உண்மை இல்லை. ஏன் என்று புரிய, கம்பிக்குள்ளே மின்சாரம் எங்கே ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பேட்டரியில் இருந்து வரும் நேர்மின்சாரம் (டிசி) கம்பியின் முழுத் தடிமனிலும் சமமாகப் பரவி ஓடும். மாறுமின்சாரம் அப்படி இல்லை. அது திசை மாறிக்கொண்டே இருப்பதால், அதைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம் கம்பிக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பிவிடும். அவை நடுவில் போகும் மின்சாரத்தை எதிர்க்கும், ஓரத்தில் போவதற்குத் துணை செய்யும். விளைவு, மின்சாரம் மொத்தமும் கம்பியின் தோல் பக்கம் ஒதுங்கிவிடும். இதற்குத்தான் ஸ்கின் எஃபெக்ட், தோல் விளைவு என்று பெயர். 1885-இல் இதை எந்த வடிவக் கம்பிக்கும் பொருந்தும்படி விளக்கியவர் ஆலிவர் ஹெவிசைட். கோஆக்சியல் கேபிளுக்கு 1880-இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவரும் இவர்தான்.

எவ்வளவு ஒதுங்கும்? செம்பில் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்கு அந்தத் 'தோல்' சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம். அதாவது வீட்டு வயரில் ஒதுக்கமே தெரியாது. 1 மெகாஹெர்ட்ஸில் அது 66 மைக்ரான். கேபிள் டிவி சிக்னல் ஆரம்பிக்கிற 50 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 9 மைக்ரான். மொட்டைமாடி டிஷ்ஷில் இருந்து செட்டாப் பாக்ஸுக்கு இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். அங்கே 2 மைக்ரான், அதற்கும் கீழே. நம்ம தலைமுடியின் தடிமன் 50 மைக்ரானுக்கு மேல். அப்படின்னா ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள நடுக்கம்பியில், முடியை விட மெல்லிய மேல்பூச்சு மட்டும்தான் வேலை செய்யுது. மீதி எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கு.

சும்மா உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எதுக்கு விலை கூடின செம்பு? இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் செம்பு போர்த்திய இரும்புக்கம்பி. சந்தையில் சிசிஎஸ் என்பார்கள். உள்ளே எஃகு, மேலே சில பத்து மைக்ரான் செம்பு. டிவி சிக்னலைப் பொறுத்தவரை இதுவும் முழுச் செம்புக்கம்பியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எஃகால் வேறொரு லாபமும் உண்டு. ஆர்ஜி-6-இல் மாட்டுகிற எஃப் கனெக்டரைப் பார்த்தால், அதற்குத் தனியாகப் பின் கிடையாது. கேபிளின் நடுக்கம்பியே பின்னாக நீட்டிக்கொண்டு நிற்கும். செம்பு மட்டும் என்றால் நாலு தடவை கழட்டி மாட்டினால் வளைந்துவிடும். எஃகு வளையாது. கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டும்போது தாங்குவதும் அதுதான்.

இந்தக் கம்பியை எப்படிச் செய்கிறார்கள்? நகைப் பட்டறையில் பார்த்திருப்பீங்க. வரிசையாகத் துளை போட்ட இரும்புத் தகட்டில், பெரிய துளையிலிருந்து சின்னத் துளைக்கு என்று தங்கக்கம்பியை மாற்றி மாற்றி இழுத்து மெல்லிசாக்குவார்கள். கேபிள் தொழிற்சாலையிலும் அதே வேலைதான். துளைக்குப் பதிலாக டங்ஸ்டன் கார்பைடு அல்லது வைரத்தில் செய்த டை. செம்பு 8 மில்லிமீட்டர் தடிமன் கம்பியாக வரும். ஒவ்வொரு டையிலும் குறுக்குப் பரப்பு 20 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், 1.02 மில்லிமீட்டர் வருவதற்கு 18, 19 டை தாண்ட வேண்டும். உள்ளே போன ஒரு மீட்டர் 61 மீட்டராக வெளியே வரும். இழுக்க இழுக்கச் செம்பு விறைத்துப்போகும் என்பதால், கடைசியில் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள்.

சிசிஎஸ் என்றால் எஃகுக்கம்பியை அமிலத்தில் கழுவி, செம்புக் கரைசலில் முக்கி, மின்முலாம் பூசி, அதற்கப்புறம் இழுப்பார்கள். இழுக்கும்போது எஃகும் செம்பும் ஒரே விகிதத்தில் மெலியும். ஆரம்பத்தில் பூச்சு எத்தனை பங்கோ, கடைசியிலும் அத்தனை பங்கே. அதனால் ஆரம்பப் பூச்சில் மிச்சம் பிடித்தால், அந்தக் குறை கடைசி மீட்டர் வரைக்கும் கூடவே வரும்.

அடுத்தது அளவு. ஆர்ஜி-6-இல் நடுக்கம்பி 1.02 மில்லிமீட்டர், அதன் மேல் நுரை பாலித்தீன் சேர்ந்து சுமார் 4.6 மில்லிமீட்டர். இந்த நாலரை மடங்கு விகிதமும் நுரையின் தன்மையும் சேர்ந்துதான் 75 ஓம் என்ற எண்ணைத் தருகின்றன. கம்பி ஒரு சதவீதம், அதாவது 10 மைக்ரான் பருத்தால் அரை ஓம் குறையும். அரை ஓம் தானே என்று விட முடியாது. எங்கோ ஓரிடத்தில் குறைந்தால் பரவாயில்லை, ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்பக் குறைந்தால்தான் வம்பு. இயந்திரத்தில் ஒரு உருளையில் சின்னப் பள்ளம் இருக்கு, அது கம்பியில் மீட்டருக்கு ஒரு தழும்பு போடுதுன்னு வைங்க. ஒவ்வொரு தழும்பிலும் சிக்னல் துளி திரும்பும். அரை அலைநீளம் ஒரு மீட்டராக வரும் அதிர்வெண்ணில் அத்தனை துளிகளும் ஒன்றுகூடும். ஒளியின் வேகத்தில் 85 சதவீதத்தில் போகும் கேபிளில் அது சுமார் 127 மெகாஹெர்ட்ஸ். மற்ற சேனல் எல்லாம் நன்றாகத் தெரியும், அந்த இடத்தில் இருக்கும் சேனல் மட்டும் அடிவாங்கும். உருளையின் சுற்றளவு கேபிளில் பதிந்துவிட்டது என்று அர்த்தம்.

வெளிக்கடத்தியில் ஏன் செம்பு இல்லை, அலுமினியத் தாளும் பின்னலுமாக இருக்கே என்று கேட்கலாம். அதே மின்சாரம்தான் வெளிக்கடத்தி வழியாகத் திரும்பி வருகிறது. ஆனால் அதற்குச் சுற்றளவு நாலரை மடங்கு அதிகம். அதனால் கடத்திகளில் ஏற்படும் இழப்பில் முக்கால் பங்குக்கு மேல் நடுக்கம்பியில்தான். நல்ல உலோகம் தேவைப்படுவது அங்கேதான். இன்னொரு அழகும் இருக்கு. சிக்னல் வெளிக்கடத்தியின் உட்புறத் தோலில் ஓடும், வெளியிலிருந்து வரும் இரைச்சல் அதன் வெளிப்புறத் தோலில் ஓடும். ஒரே உலோகத்தின் இரண்டு பக்கம், ஒன்றை ஒன்று தொடாமல்.

சரி, அப்போ எஃகு எங்கே காலை வாரும்? அதிர்வெண் குறையும் இடத்தில். கணக்குப் பார்ப்போம். 1.02 மில்லிமீட்டர் செம்புக்கம்பி 100 மீட்டருக்கு நேர்மின்சாரத்தில் சுமார் 2 ஓம் தடை. ஆர்ஜி-6-இல் பரவலாக வரும் சிசிஎஸ்ஸின் கடத்துதிறன் செம்பில் 21 சதவீதம்தான், அதனால் சுமார் 10 ஓம். டிஷ்ஷில் இருக்கும் எல்என்பிக்கு செட்டாப் பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட்டை இதே கம்பி வழியாகத்தான் அனுப்புகிறது. 30 மீட்டர், 200 மில்லியாம்பியர் என்றால் நடுக்கம்பியில் 0.6 வோல்ட் இழப்பு. ஒன்றும் ஆகாது. ஆகவே வீட்டு டிடிஎச்சுக்கு நல்ல சிசிஎஸ் தாராளமாகப் போதும்.

சிசிடிவி கதை வேறு. கோஆக்ஸ் வழியாகவே 12 வோல்ட்டும் அனுப்பும் அமைப்பில், 100 மீட்டர் தள்ளி உள்ள கேமரா 500 மில்லியாம்பியர் இழுத்தால் செம்பில் 1 வோல்ட் போகும். சிசிஎஸ்ஸில் 5 வோல்ட் போகும். பகலில் ஓடும் கேமரா, ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் கூடுதல் மின்சாரம் கேட்டு அணைந்து அணைந்து எரியும். எந்த நேரத்துக்காகக் கேமரா வைத்தோமோ அந்த நேரத்தில் பதிவு இருக்காது. மின்சாரத்துக்குத் தனி வயர் போட்டாலும், பழைய அனலாக் கேமராவின் படச்சிக்னல் மிகக் குறைந்த அதிர்வெண்ணில் இருந்தே தொடங்கும். அதன் வரி அதிர்வெண் 15,625 ஹெர்ட்ஸ். அங்கே தோல் ஆழம் அரை மில்லிமீட்டர், கிட்டத்தட்ட முழுக்கம்பியும் தேவை. 200, 300 மீட்டர் என்று போனால் சிசிஎஸ்ஸில் படம் மங்கும். அங்கே முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள்.

இப்போ காந்தத்துக்கு வருவோம். ஒட்டினால் எஃகு என்பது மட்டும்தான் தெரியும். வேலைக்கு ஆகாது என்பது இல்லை. ஒட்டாவிட்டால் செம்பு என்பதும் இல்லை. செம்பு போர்த்திய அலுமினியமும் உண்டு, அதுவும் ஒட்டாது. என் யோசனை இரண்டு. ஒன்று, முனையை வெட்டி, கத்தியால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையா சிவப்பா என்று தெரிந்துவிடும். இரண்டு, 100 மீட்டர் சுருளாக வாங்கினால் நடுக்கம்பியின் இரு முனையிலும் மல்டிமீட்டர் வையுங்கள். 2 ஓம் பக்கம் என்றால் செம்பு, 3-க்கு மேல் என்றால் அலுமினியம், 10 பக்கம் என்றால் எஃகு.

சிசிஎஸ் மாட்டினால் வெளியில் இருக்கும் கனெக்டரை மழை புகாமல் மூடுங்கள். வெட்டிய முனையில் எஃகு திறந்து கிடக்கும். செம்போடு ஒட்டிய எஃகு ஈரம் பட்டால் தனி எஃகை விட வேகமாகத் துருப்பிடிக்கும், கடற்கரை ஊர்களில் இன்னும் வேகமாக.

சிசிஎஸ்ஸை சிசிஎஸ் என்று சொல்லி, அதற்கான விலையில் விற்பதில் தப்பே இல்லை. செம்பு விலைக்கு அதைத் தலையில் கட்டுவதுதான் மோசடி. அதைக் கண்டுபிடிக்க காந்தத்தை விட மல்டிமீட்டர் நல்ல துணை.