பெயர்த்தகட்டின் வாக்கு

பனியனில் லேபிள் தைப்பவர் ஒருவர், அந்த லேபிளிலுள்ள பெயருக்குச் சொந்தக்காரர் இன்னொருவர் என்பதைக் கடல்கடந்த தேசத்தில் அதை வாங்கி அணிகிறவர் யோசிக்காமற் போனாலும், திருப்பூரில் ஓவர்லாக் ஓட்டுகிற பெண்மணி முதல் கட்டிங் மாஸ்டர் வரை அதை அறியாதவர் எவருமில்லை. பிறர் பெயரைத் தைத்து அனுப்புவதில் வஞ்சனை ஒன்றுமில்லை. துணி சொன்ன கனத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதையும் இங்கே வாய்ச்சொல்லை நம்பி ஒப்புக்கொள்வதில்லை. நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டும் சிறு கருவியைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகி, வெட்டுண்ட துண்டைத் தராசில் இட்டு, 1.8 கிராம் காட்டினால் 180 ஜி.எஸ்.எம். என்று அந்த க்ஷணத்திலேயே நிர்ணயம் செய்துவிடுகிறார்கள். இத்தனை ஜாக்கிரதை வாய்ந்த ஊர், தன் தையல் மேஜைக்கு அடியில் தொங்கும் மோட்டாரின் தகட்டில் அச்சிட்டிருப்பதை மட்டும் வேதவாக்காக ஏற்றுக்கொள்வது எனக்கு விநோதமாகப் படுகிறது.

பழைய கிளட்ச் மோட்டார், சுவிட்சைப் போட்டது முதல் அணைக்கும் வரை ஓயாமல் சுழல்வது. பெடலிலிருந்து காலை எடுத்தால் ஊசி நிற்குமே தவிர கரண்டுச் செலவு நிற்காது. மிதித்தால் மட்டும் சுழலும் சர்வோ மோட்டார் வந்தபின் மிச்சம் உண்டானது மெய்தான். ஆனால் ஒரே வார்ப்பும் ஒரே துளையமைப்பும் கொண்ட மோட்டார், இந்தக் கடையில் ஒரு பெயரும் 550 வாட்டும், அடுத்த கடையில் வேறொரு பெயரும் 750 வாட்டுமாகக் காட்சியளிக்கும்போது, அந்த எண் கம்பி வழியே உள்ளே போகும் சக்தியா, தண்டில் வெளியே கிடைக்கும் சக்தியா, நாள் முழுதும் தரக்கூடியதா, ஒரு கணம் முக்கித் தருவதா என்று கேட்கத் தோன்றவேண்டும். ஸ்டிக்கர் ஒட்டியவர் மோட்டாரை அளந்தவர் அல்லர். அவரிடம் கேட்டுப் பிரயோசனமுமில்லை.

இந்த வித்தையைத் தெளிவாகக் காண விரும்புகிறவர், கல்லூரிப் பிள்ளைகள் டிரோனுக்கும் மாதிரி விமானத்துக்கும் வாங்கும் ஏ2212 என்னும் உள்ளங்கையில் அடங்கும் மோட்டாரைப் பார்க்கலாம். எத்தனையோ பெயர்களில் விற்கும் அதன் விவரத்தாளில் 1000 கே.வி. என்றிருந்தால், சுமையில்லாதபோது ஒரு வோல்டுக்கு நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று என்று பொருள். 12 ஆம்பியர் என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் 60 விநாடி என்று சிறிதாகவும் போட்டிருப்பார்கள். 11.1 வோல்ட் பேட்டரியில் அது 133 வாட்; அதுவும் உள்ளே போகிற கணக்கு. நூற்றுக்கு 75 பங்கு தண்டுக்கு வந்தால் கிடைப்பது 100 வாட், எஞ்சியது சூடு. அறுபது விநாடி என்ற சொல்லைக் கைமாறிய விற்பனைக்காரர் ஒருவர் விட்டுவிட்டால், அடுத்தவர் அதையே பிரதியெடுத்து விற்பார். பறக்கவிட்ட பிள்ளைதான் வார்னிஷ் கருகிய வாசனையை முகர்ந்து பார்க்கிறான். அளவிலும் இதே குழப்பந்தான்: ஒரு கம்பெனி உள்ளே சுருள் சுற்றிய ஸ்டேட்டரின் குறுக்களவைப் பெயராக்குகிறது, இன்னொன்று வெளி உறையின் குறுக்களவை.

ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், கோவை பீளமேட்டில், ஜி.டி. நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் டி. பாலசுந்தரம் நாயுடு 1937-இல் மோட்டார் செய்து காட்டியது முதல் இப்பிரதேசம் மோட்டாருக்குப் பழக்கப்பட்டது. பரிசோதிக்கக் கோவையிலேயே சிட்டார்க் போன்ற நிலையமும் இருக்கிறது. ஒன்றிரண்டு மோட்டார் வாங்குகிறவர் அவ்வளவு தூரம் போகவேண்டுமென்பதில்லை. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நாலு துருவ இண்டக்ஷன் மோட்டாரின் காந்தப்புலம் நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும். ரோட்டர் அதற்குச் சற்றே பின்தங்கினால்தான் அதற்கு முறுக்கு உண்டாகும் என்பதால், முழுச் சுமையில் 1440 அளவில் ஓடுவதே இயல்பு. அப்படிப்பட்ட மோட்டாரின் தகட்டில் முழுச் சுமை வேகமாக 1500 என்றே பொறித்திருந்தால், அதை எழுதியவர் மோட்டாரை ஓட்டிப் பார்க்கவில்லை என்று நிச்சயமாய்ச் சொல்லிவிடலாம்.

சர்வோவுக்கு இன்னும் சுலபமான வழியுண்டு. மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கின் அருகே, ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்பதுபோல் அச்சிட்டிருக்கும். விளக்கு, விசிறி, மற்ற மிஷின்கள் யாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு மிஷினில் மட்டும் கனமான ஃபிளீஸ் துணியை ஓயாமல் ஓட்டச் சொல்லி நிமிஷத்துக்கு எத்தனை மினுக்கு என்று எண்ணவேண்டும். பதினாறு என்றால், மணிக்கு 960, அதை 3200-ஆல் வகுத்தால் 0.3, அதாவது 300 வாட் செலவு. தகட்டிலே 750 என்றிருப்பதற்கும் இதற்கும் தூரம் இருப்பதாலேயே மோசடி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஊசி கேட்ட அளவுதான் மோட்டார் எடுக்கும். அத்தனை பெரிய எண்ணுக்குப் பணம் கொடுத்தது அவசியமா என்பது அப்போது விளங்கும்.

சூடுதான் கடைசிச் சாட்சி. நம் யூனிட்டுகளில் பஞ்சுத்தூசி மோட்டாரின் காற்றுத் துவாரங்களை அடைத்துக்கொள்வதால், தூசியற்ற அறையில் தாங்கிய மோட்டார் இங்கே தாங்குமென்று சொல்வதற்கில்லை. எரிந்து வந்ததைப் பிரித்துக் காயில் கட்டுகிறவர் கத்தியால் கம்பியின் வார்னிஷைச் சுரண்டுகிறார். மேலே செம்புபோல் மின்னியது உள்ளே வெள்ளையாயிருந்தால் அலுமினியம், செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்தடையுள்ளது. அவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, எந்தப் பெயர் ஒட்டிய மோட்டார் அதிகம் வருகிறது என்று விசாரித்தால், எந்த விளம்பரத்திலும் இல்லாத விவரம் கிடைக்கும். அதன்பின் கடைக்குப் போய், 'தொடர்ந்து ஓட்டினால் தண்டில் இத்தனை வாட் கிடைக்கும்' என்று பில்லிலேயே எழுதித் தாருங்கள் அண்ணா என்று கேட்கவேண்டும். சிலர் எழுதித் தருவார்கள். மற்றவர்கள் விலையைக் குறைப்பார்கள்.