லயத்துப் பிள்ளைக்கு எந்த டெப்?

சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்யப்பட்ட டெப்களில் பேர்போனது அமேசானின் ஃபயர் கிட்ஸ். தடித்த உறை, 3 முதல் 7 வயதுக்கான கதைகளும் விளையாட்டுகளும், உடைத்துவிட்டாலும் இரண்டு வருடம்வரை மாற்றித்தரும் உத்தரவாதம். இவ்வளவும் நல்லவைதான். ஆனால் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயக் காம்பராவில் அதைத் திறந்தால் சிக்கல் தொடங்கும். சிம் போட இடமில்லை, வைஃபை வேண்டும். கூகுள் பிளே ஸ்டோர் கிடையாது. உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தில். உடைந்தால் கொண்டுபோய்க் கொடுக்க அமேசானுக்கு இலங்கையில் கடையும் இல்லை. லீப்ஃப்ரொக் போன்ற விளையாட்டு டெப்களிலும் தமிழுக்கு இடமில்லை.

ஆகவே, 'கிட்ஸ்' என்ற பெயருக்காகக் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். சிம் போடக்கூடிய சாதாரண ஆண்ட்ராய்டு டெப், அதற்கு ஒரு தடித்த உறை. நம் பிள்ளைகளுக்கு இதுவே பொருத்தம். உதாரணமாக, 2023இல் வந்த சாம்சுங் கேலக்ஸி டெப் ஏ9: 8.7 அங்குலத் திரை, மெமரி கார்ட் போடலாம். அதிலும் வைஃபை மட்டும் உள்ளது, சிம் உள்ளது என்று இரண்டு வகை இருப்பதால் பெட்டியைப் பார்த்துக் கேளுங்கள். ரேம் 4 ஜிபிக்குக் குறைந்தால் எடுக்காதீர்கள். சீக்கிரமே இழுக்கத் தொடங்கும்.

பிள்ளைப் பூட்டு இரண்டு விதம். சாம்சுங் கிட்ஸ் என்ற செயலி சாம்சுங் டெப்பிலேயே வரும். நீங்கள் தெரிவுசெய்த செயலிகள் மட்டும் தெரியும், நேரம் வைக்கலாம், பின் இலக்கம் இல்லாமல் வெளியே வர முடியாது. கூகுளின் ஃபேமிலி லிங்க் என்றால், மலையில் கொழுந்தெடுக்கும் அம்மா தன் போனிலிருந்தே நேரத்தைக் குறைக்கலாம், புதுச் செயலிக்கு அனுமதி மறுக்கலாம். ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் சிக்னல் வேண்டும். சிக்னல் வந்து வந்து போகும் டிவிசன்களுக்கு முதலாவதே மேல்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடியபோது, சிக்னல் தேடி நம் பிள்ளைகள் மலையேறியதை மறந்திருக்க மாட்டோம். அந்தப் பாடு வராமல், டவுனுக்குப் போகும் நாளில் பாடநூல்களையும் கதைகளையும் இறக்கி மெமரி கார்டில் போட்டுவிடுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் படங்களோடு தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. இரண்டும் இலவசம்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் டெப்பைக் கொடுக்கவே வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. அந்த நேரத்திலும் அப்பாயியோ அக்காவோ பக்கத்தில் இருந்து, "இது என்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால்தான் பிள்ளைக்குப் பேச்சு வளரும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் சிம் டெப் என்றால் இன்னொன்று. பதிவில்லாத கருவிகள் இங்குள்ள வலையமைப்பில் வேலை செய்யாது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2025 ஜனவரியில் அறிவித்தது. கடையில் வாங்குவதானாலும் பெட்டியில் உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, முன்னால் IMEI என்று போட்டு ஓர் இடைவெளி விட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, பதிவு உண்டா என்று பாருங்கள்.

நாட்சம்பளத்துக்கு உழைத்துச் சேர்த்த காசு. கொடுக்கும் முன் உங்கள் லயத்தில் சிக்னல் எடுக்கும் சிம்மையே போட்டு, ஒரு தமிழ்ப் பாடநூலைத் திறந்து, எழுத்து தெளிவாக வருகிறதா, பக்கம் தடங்காமல் புரளுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். சார்ஜ் போடும் துளை ஆடினால் வேறொன்று கேளுங்கள்.