லெமூரியாவும் ஸான் ஹோஸே நகரமும்

தமிழர் இன்று திரளாக வாழும் கலிபோர்னியாவின் ஸான் ஹோஸே நகரிலிருந்து 1931ஆம் ஆண்டு ரோஸிக்ரூஷியன் என்னும் மறைஞான சங்கத்தார் வெளியிட்ட நூலொன்று, நாம் குமரிக்கண்டத்தோடு இணைத்தே பேசிப் பழகிய லெமூரியாவைப் பசிபிக் சமுத்திரத்தில் அமைத்து, அதன் சந்ததியாரை அம்மாகாணத்தின் வடபகுதியிலுள்ள ஷாஸ்தா மலையோடும் சம்பந்தப்படுத்திற்று. ஒரே பெயர், இரண்டு சமுத்திரங்கள்!

1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியல் அறிஞர், மடகாஸ்கர்த் தீவில் மலிந்துள்ள லெமூர் என்னும் பிராணியின் உறவினங்கள் கடல் கடந்து இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணம் தேடி, இடையே ஒரு நிலப்பரப்பு இருந்திருக்க வேண்டுமென ஊகித்து, அப்பிராணியின் பெயரையே அதற்குச் சூட்டினார். நம் காடுகளில் இரவெல்லாம் அகன்ற விழிகளோடு கிளை பற்றி ஊரும் தேவாங்கு அவ்வுறவினங்களுள் ஒன்று.

பழந்தமிழ் நிலத்தை விழுங்கியதாக இறையனார் களவியலுரை கூறும் கடல்கோளோடு இவ்வூகத்தைத் தமிழறிஞர் பொருத்தியது இயல்பே. ஆயினும், இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன், மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, பிரிந்து விலகின என்று இன்றைய பூகர்ப்ப சாஸ்திரம் நிறுவியிருக்க, நம் தொன்மைக்கு அக்கண்டத்தைச் சான்றாக்குதல் தகாது என்பதே என் துணிபு. பனியுகத்தின் முடிவில் கடல்மட்டம் உயர்ந்து தென்கரை நிலங்கள் மூழ்கியது மெய். அதனை ஆராய்வதே நம் கடமை.

இந்தியாவும் மடகாஸ்கரும் விலகியது போல நிலம் இன்றும் நகர்வதைக் கண்ணாற் காண விரும்பியோர், ஸான் ஹோஸேக்கு வடக்கே ஹேவர்டு நகரின் தெருமுனை ஒன்றிற்குச் சென்றனர். பூமிப்பிளவின்மேல் அமைந்த நடைபாதை விளிம்பு அங்கே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராக விலகி, இரு துண்டுகளாய் நேர்கோடு பிறழ்ந்து கிடந்தது. 2016இல் நகராட்சியார் அதைப் பெயர்த்துச் செப்பனிட்டுவிட்டனர்.